ஒருமை

காந்தி ரோட்டில், ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில்
நாளுக்கு முந்நூற்றைம்பது ரூபாய் அறை.
ஜன்னலைத் திறந்தால் அடுத்த லாட்ஜின் ஜன்னல்,
அதில் ஈரத்துண்டு, ஸ்கேன் உறை, யாரோ ஒருவரின் முழங்கை.

மடியில் லேப்டாப். கொரியாக்காரர் எடுத்த படம்.
ஆங்கில வரியைப் பார்த்துத் தமிழில் அடிக்கிறேன்,
வரிக்கு நான்கு ரூபாய்.
வாய் ஓயாத படங்கள்தான் எனக்குப் பிடிக்கும்.
ஒரு போலீஸ் படம் கிடைத்தால்
ரத்தப் பரிசோதனைக்குக் கட்டிவிடலாம்.

இதில் யாரும் பேசுவதாக இல்லை.
கடலோர ஊர். படகில் போனவன் திரும்பவில்லை.
பதினோரு நிமிடம்
அவன் மனைவி முள்ளங்கி நறுக்குகிறாள்,
கொதி வரட்டும் என்று நிற்கிறாள்,
இரண்டு கிண்ணம் வைக்கிறாள்,
ஒன்றின் விளிம்பை மட்டும் விரலால் துடைக்கிறாள்.
'கொதிக்கும் ஓசை' என்று அடைப்புக்குறிக்குள் போட்டேன்.
அடைப்புக்குறிக்குக் காசு கிடையாது.

தண்ணீர் கேனோடு வந்த ஜாபர் வாசலில் நின்று
"இன்னாக்கா, படம் நின்னுபோச்சா?" என்றான்.
ஓடுகிறது என்றேன்.
பார்த்தான். இருபது லிட்டர் தோளில் இருக்க, பார்த்தான்.
ஆம்பூர்க்காரன்; சண்டை இல்லையென்றால் டிக்கெட் எடுக்காதவன்.
"ஒருத்தன் வரமாட்டான்றத
இம்மாம் நேரமா காட்டுவாங்க?"

இந்த ஊருக்கு ஒரு கேலி உண்டு:
தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில்.
சாமி திரும்பி வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது,
கேலி கிளம்பவில்லை.
பாலாற்றுப் பாலத்தில் பஸ் ஏறியதும்
அத்தனை தலையும் ஜன்னல் பக்கம் திரும்பும்,
மணலைப் பார்க்க.
யாருக்குப் புரியும் இந்தப் படம் என்று சென்னையில் கேட்டார்கள்.
அவர்கள் அந்தப் பஸ்ஸில் வந்ததில்லை.

பக்கத்து அறை லால்ரின்புயியும் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.
ஐஸ்வாலிலிருந்து தம்பியின் சிறுநீரகத்துக்காக வந்தவள்.
எட்டாம் வகுப்பிலிருந்து கொரிய சீரியல் பார்த்து
அந்தப் பாஷையைக் காதால் படித்தவள்.
எங்கள் இருவருக்கும் நடுவில் அரைகுறை இங்கிலீஷ்.

பன்னிரண்டாம் நிமிடம் அந்தப் பெண் வாய் திறந்தாள்.
எதிர்க் கிண்ணத்தைப் பார்த்து ஒரே கேள்வி.
'சாப்பிட்டீங்களா?' என்று அடித்தேன்.
லால்ரின்புயி திரையை விரலால் மறைத்தாள்.
இல்லை, இதுவரை புருஷனிடம் மரியாதையாகத்தான் பேசினாள்.
இங்கேதான் விட்டுவிட்டாள்.
முதல் தடவை.

ஆங்கிலத்தில் எல்லோரும் ஒரே 'யூ'.
அங்கே படி இருப்பது தெரியாமல் தாண்டியிருப்பேன்.
நாலெழுத்தை அழித்து இரண்டெழுத்து வைத்தேன்:
சாப்பிட்டியா?

ஜாபர் கேனை இறக்கினான்.

காலை ஏழு மணி, வார்டு.
குடியாத்தத்தில் தாலி ஏறிய நாள் முதல்
பத்தொன்பது வருஷம் வாங்க, போங்க, சொல்லுங்க.
கட்டில் தலைமாட்டில் அட்டை:
வாய்வழி எதுவும் தரக்கூடாது.
மூக்கில் குழாய்.
"சாப்ட்டியா?" என்றேன்.
பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார்,
யாரைக் கேட்கிறேன் என்று.
அப்புறம் என்னை.
கண்ணால் சிரித்தான்.

மத்தியானம் சென்னையிலிருந்து மெயில்.
வரி இருநூற்றுப் பன்னிரண்டு:
கணவரை ஒருமையில் அழைப்பது குடும்ப ரசிகர்களுக்கு உறுத்தும்,
திருத்தி அனுப்பவும்.
பதில் போடவில்லை இன்னும்.

படிக்கட்டில் காலி கேனோடு இறங்கும் ஜாபர்
பாதியில் நிற்கிறான்.
"அது சரிக்கா,
அந்தப் பொம்பள
சாப்ட்டுச்சா?"